கை மாறிய சங்கு

அத்தியாயம் ஒன்பது

"உடனே கிளம்பி வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அலர்மேல் மாமி போனை வைத்துவிட்டாள்.

போன வாரம் இதே மாமிதான் தரணியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். மகன் பிரஹ்லாத் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொடுக்க, வாசலில் தொங்கவிடுகிற மாதிரி உள்ளங்கை அகலத்தில் பெருமாள் வில்லைகள் கேட்டிருந்தாள். தரணி முதுகு நோக உட்கார்ந்து செய்து கொடுத்தாள். "உன் கைக்குக் கங்கணம் போடணும்டி" என்று உருகினவள், இன்று பேர்கூடச் சொல்லிக் கூப்பிடாமல் போனை வைக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

ஹரிபிரசாத் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே மனைவியின் முகத்தைப் பார்த்தான். பஸ் டிப்போவில் வேலை, எதற்கும் சண்டை வேண்டாம் என்கிற சுபாவம்.

"இன்னாவாம்?"

"தெரியல. வரச் சொல்றாங்க."

"பெரிய மனுஷங்க. எது சொன்னாலும் சரிங்க மாமின்னு தலைய ஆட்டிட்டு வந்துடு."

தலையாட்டுவதற்கென்றே ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்த மாதிரி பேசுகிறானே என்று தரணிக்கு எரிச்சலாக வந்தது. வண்டிச் சாவியை எடுத்தாள். அலிபிரி ரோட்டிலிருந்து கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் போய்ச் சேரும்வரைக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. எண்ணிக்கை குறைந்ததா, சாயம் போய்விட்டதா? எதுவும் பிடிபடவில்லை.

மாமி கூடத்தில் பாய் விரித்து வில்லைகளைப் பரப்பி வைத்திருந்தாள். பக்கத்தில் ஊஞ்சலில் பாஷ்யம் மாமா. ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வா. இத எடு. நன்னாப் பாரு. நம்ம பெருமாளுக்கு எந்தக் கையில சக்கரம்?"

"வலது கையில மாமி."

"இதுல?"

தரணி பார்த்தாள். சக்கரம் இடக்கைக்குப் போயிருந்தது. சங்கு வலக்கைக்கு வந்திருந்தது. திருவடியைக் காட்டும் கைகூட இடம் மாறி நின்றது.

"கல்யாண ஜோலியா நேத்திக்கு வந்த சம்பந்தி மாமி கையில ஆசையா எடுத்துக் கொடுத்தேன். கண்ணுல ஒத்திக்கப் போனவ அப்படியே நிறுத்திட்டா. 'உங்க ஊர்ப் பெருமாளுக்கு நீங்களே கையை மாத்திட்டேளே'ன்னு சிரிக்கறா. அத்தனை பேருக்கு நடுவுல. இந்தத் தெருவுல வாழ்க்கைப்பட்டு, இந்தக் கோவில் பிரசாதம் சாப்ட்டு வளர்ந்த ஆத்துல, இப்படி ஒரு அபசாரமா?"

"திருக்கோவிலூர்ல அப்படித்தான் சேவை சாதிக்கறார்" என்றார் மாமா, ஊஞ்சலிலிருந்து. "வலக்கையில சங்கு."

"இது திருக்கோவிலூரா? நீங்க சித்த சும்மா இருங்கோ."

மாமா சும்மா இருந்தார். தரணி வில்லையின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். ஓட்டின உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வேலை செய்கிற விதமே வேறு. ரப்பர் துண்டில் பெருமாளைத் தன் கையாலேயே கத்தி பிடித்துச் செதுக்கி அச்சாக வைத்திருக்கிறாள். பாலிமர் க்ளே என்கிற செயற்கைக் களிமண்ணைப் பிசைந்து, பூரிக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்து, ஒட்டாமல் இருக்கச் சோளமாவு தூவி, அந்த ரப்பர் அச்சை வைத்து அழுத்துவாள். கோடெல்லாம் பள்ளமாக விழும். ஓவனில் இளஞ்சூட்டில் வைத்து எடுத்து, பள்ளத்தில் கறுப்புச் சாயம் தேய்த்துத் துடைத்தால் பெருமாள் துலங்கி வருவார். கோடு பள்ளத்தில்தான் இருக்கும். இந்த வில்லையில் அது மேடாக விரலில் தட்டியது.

"மாமி, இது நான் பண்ணதில்ல."

"பின்பக்கம் திருப்பு."

திருப்பினாள். 'தரணி, திருப்பதி' என்று சின்ன எழுத்து. பக்கத்தில் ஒரு கிளி. அவளுடைய முத்திரையேதான்.

"உன் பேர்தானே? அப்பறம் என்ன இல்லைங்கறே?"

தரணி பாயிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அது சரியாக இருந்தது, அவள் செய்ததுதான். அதற்கடுத்தது தப்பு. அதற்கடுத்ததும் தப்பு.

"எல்லாமே நான் குடுத்ததுதானா மாமி? வேற எங்கனா வாங்கினீங்களா?"

மாமி கணவரைப் பார்த்தாள். மாமா தொண்டையைச் செருமினார். "பொண்ணாத்துலேர்ந்து ஜாஸ்தி பேர் வரான்னா. நான் கோர்ட் விஷயமா சித்தூர் போயிருந்தேன். உங்கப்பா கடை வாசல்ல இதெல்லாம் தொங்கிண்டிருந்தது. உன் பேர் போட்டிருந்தது. எல்லாம் ஒரே கைதானேன்னு வாங்கிண்டு வந்துட்டேன்."

தரணிக்குக் காது ரெண்டும் சுட்டது. நைனா கடையா?

"எங்க வாங்கினா என்ன?" என்றாள் மாமி. "பேர் உன்னோடது. நாளைக்குக் காலம்பறக்குள்ள சரியானது இங்க வரணும். சம்பந்தியாத்துக்காரா எதிர்ல, தப்பு என்னோடதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா இந்த ஊர்ல ஒருத்தராத்து வாசல்லயும் உன் கைவேலை தொங்காது. நான் தொங்க விடமாட்டேன்."

மாமி சொன்னால் செய்வாள். இந்த நாலு தெருவிலும் அவள் வாய் திறந்தால் போதும். தரணி ஒரே ஒரு தப்பு வில்லையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமாம். அதுவும் சபையில்.

சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து அவளுக்கு ஒரே யோசனைதான். அவளுடைய பெயர் முத்திரை வீட்டில் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. அப்படியானால் இது இன்னொன்று. அச்சு அசலாக இன்னொன்றை வெட்ட இந்த உலகத்தில் ஒரே ஒரு கடையில்தான் முடியும். முதலாவதை வெட்டின கடை, நைனா சம்பத்தின் கடை.

சம்பத் கடையைத் தெரியாத வக்கீல் குமாஸ்தா சித்தூரில் கிடையாது. ரப்பர் ஸ்டாம்ப் என்றால் அவர்தான். அவரிடம் ஒரு கறார் உண்டு. எந்த ஆபீஸர் பேரில் சீல் வேண்டுமானாலும், அந்த ஆபீஸர் கையெழுத்துப் போட்ட லெட்டர் வேண்டும். சொந்த மச்சான், கிராம அதிகாரி, அவசரமாக வந்து நின்றபோதுகூட, லெட்டர் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினவர். "ஒருத்தன் பேரை அவன் கேக்காம வெட்டினா அதுக்குப் பேரு திருட்டு" என்பார். அதைக் கேட்டுத்தான் தரணி வளர்ந்தாள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அண்ணி நாகவேணிதான் மாமனாருக்குத் தெரியாமல் எதையோ செய்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். அண்ணன் மணிவேலுக்குக் கழுத்தை நீட்டின நாளிலிருந்தே அவளுக்குக் கை துறுதுறுப்பு ஜாஸ்தி. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்.

கடை வாசலில் ஒரு குமாஸ்தா பையை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணா, சீல் அயிந்தா?" என்று, வேலை முடிந்ததா எனத் தெலுங்கில் கேட்டார்.

"ரேப்பு ரா" என்று, நாளைக்கு வரச் சொல்லி உள்ளேயிருந்து சம்பத்தின் குரல் கேட்டது. குமாஸ்தா நகர்ந்ததும் மகள் நிற்பது தெரிந்தது. "அடடே. இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம? எதனா துன்னியா?"

அவர் தலைக்கு மேலே கம்பியில் வில்லைகள் வரிசையாகத் தொங்கின. அத்தனையிலும் சங்கு வலக்கையில். தரணி ஒன்றைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள்.

"இது இன்னா நைனா?"

"உங்க அண்ணி பண்ணது. நல்லா கீதில்ல?" முகத்தில் பெருமை வழிந்தது.

தரணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் இவருக்குத் தெரியும்.

"பெருமாள் கையில இன்னா கீதுன்னு பாரு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சங்கு, சக்கரம். கரெக்டாத்தான கீது?"

நடிக்கவில்லை மனுஷன். நிஜமாகவே அவர் கண்ணுக்கு அது சரியாக இருந்தது. ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து அவர் பார்த்ததெல்லாம் கண்ணாடி எழுத்து. அச்சில் வலதுபக்கம் இருந்தால் காகிதத்தில் இடதுபக்கம் விழும். திரும்பியிருப்பதைத்தான் அந்தக் கண் நேர் என்று படிக்கும். ஊரே சிரித்த தப்பு, நாள் முழுக்க அவர் தலைக்கு மேலேயே தொங்கியும் அவருக்குத் தெரியவில்லை.

"அந்தக் காலண்டரப் பாரு நைனா. அப்பறம் இதப் பாரு."

சுவரில் தொங்கிய காலண்டர் பெருமாளைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். மறுபடி காலண்டர். வாய் லேசாகத் திறந்துகொண்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

பின்கட்டிலிருந்து நாகவேணி வந்தாள். விரலெல்லாம் சோளமாவு. நாத்தனாரைப் பார்த்ததும் நின்றாள்.

"வாங்க அண்ணி" என்றாள் தரணி. "என் வயித்துல அடிக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலியா உங்களுக்கு? அங்க ஒரு மாமி, ஊர்ல ஒரு வாசல்லயும் உன் வேலை தொங்காதுங்கறாங்க. நீங்க பண்ணதுக்கு நான் சபையில மன்னிப்பு கேக்கணுமாம். எப்படி எடுத்தீங்க என் பெருமாள?"

நாகவேணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "பூஜை ரூம்ல நீங்க குடுத்தது இருந்துச்சு. அதுமேல க்ளேவ வெச்சு அழுத்தினேன். கோடு மேடா வந்துச்சு. அழகா இருக்கேன்னு அதையே சுட்டுட்டேன். கை மாறினது எனுக்குத் தெரியல. இதோ, மாமாவே பாத்துட்டு நல்லா இருக்குதுன்னாரு. தப்புதான் தரணி. உங்களக் கேட்டிருக்கணும்."

"என் பேர? அதையும் அழகா இருக்குதுன்னுதான் குத்தினீங்களா?"

நாகவேணி முகம் சட்டென்று மாறியது. இதுவரை தாழ்ந்திருந்த குரல் நிமிர்ந்துவிட்டது.

"நான் குத்தல. என் பேருல ஒரு சீல் போட்டுக் குடுங்கன்னு மாமாவ நான்தான் கேட்டேன். நாகவேணி, சித்தூர்னு. இன்னா சொன்னாரு, கேளுங்க. உன் பேர யாருக்குத் தெரியும்னாரு. விடிஞ்சா எழுந்து சமைச்சு, அப்பறம் உக்காந்து, விரல் வலிக்கப் பெசஞ்சு நான் பண்ணேன். எம் பொருள்ல உங்க பேரு. எனுக்கு மட்டும் சந்தோஷமா?"

தரணி இதை எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் கட்டி வைத்த முடிவெல்லாம் கலைந்துபோனது. அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நைனா. நீயா வெட்டின?"

சம்பத் மேஜைமேல் கிடந்த ரப்பர் துணுக்குகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தார். "உன் பேருக்கு ஒரு மதிப்பு வந்துக்கினு கீது. அதான் போட்டேன். புதுப் பேரு போட்டா யாரு வாங்குவான்? நம்ம வூட்டுப் பேருதான தரணி. நான் வெச்ச பேருதான."

நான் வெச்ச பேராம். கட்டிக்கொடுத்து இத்தனை வருஷம் ஆகிறது. கல்யாணமானதும் வீட்டு ரேஷன் கார்டில் அவள் பேரை அடித்தபோது இதே நைனா, "இனிமே நீ அந்த வூட்டுப் பொண்ணு" என்றார். இப்போது அந்தப் பேரில் நாலு காசு வாசம் அடித்ததும் நம்ம வீட்டுப் பேர் ஆகிவிட்டது. சொல்லுங்கள், கோபம் வருமா வராதா?

"நீ வெச்ச பேருன்னா உனுக்கு சொந்தமா? ஊர் பேர் தெரியாத ஆபீஸர் சீலுக்கு லெட்டர் கேப்ப. சொந்த மச்சான வாசலோட திருப்பி அனுப்பின. எம் பேருக்கு லெட்டர் வேணாமா நைனா? பெத்த பொண்ணுன்னா அவ பேரு இன்னா, தெருவுல கெடக்குதா? ஒரு போனு. ஒரு போனு பண்ணிக் கேக்க முடியலியா உன்னால?"

சம்பத் வாசலைப் பார்த்தார். யாராவது கேட்டுவிட்டார்களோ என்கிற பயம் அது. குரலை இறக்கினார்.

"ஆனது ஆயிப்போச்சு. நான் சொல்றதக் கேளு. அந்த அம்மாகிட்ட தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உனுக்கு இன்னா கொறஞ்சுடும்? நாலு நாள்ல மறந்துடுவாங்க. எனுக்கு அப்படி இல்லம்மா. கோர்ட்டுக்கு எதிர்ல கடை வெச்சுக்கினு கீறேன். சம்பத் கேக்காம சீல் வெட்டினான்னு வெளிய போச்சுன்னா, எந்த வக்கீல் இந்தப் படி ஏறுவான்?"

தரணி அப்பாவைப் பார்த்தாள். நரைத்த மீசை, மசியில் ஊறிப்போன விரல்கள். இந்தக் கடைதான் அவளுக்குச் சோறு போட்டது, படிக்க வைத்தது. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்தது. ஹரிபிரசாத் இருந்தால் விட்டுடு என்றிருப்பான்.

ஆனால் விட்டால்? தப்புப் பெருமாள் அவள் பேரோடு வீடு வீடாகப் போய் உட்காருவார். நைனாவின் பேர் சுத்தமாக இருக்க, அவள் பேர் அழுக்காக வேண்டும். நாகவேணிக்குப் பேரே வேண்டாம். இது என்ன கணக்கு?

கைப்பையிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமி, தரணி பேசறேன். சித்தூர்ல எங்க நைனா கடையில இருந்து. அந்த வில்லை நான் பண்ணதில்ல. எங்க நைனா என்னைக் கேக்காம எம் பேருல சீல் வெட்டிக் குத்தியிருக்காரு. எதிர்லதான் உக்காந்திருக்காரு. இதுல எந் தப்பு எதுவும் இல்ல மாமி. சபையில அப்படி சொல்லமாட்டேன்."

சம்பத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பாவாடி?" என்றாள் மாமி. குரலில் சூடு குறைந்திருந்தது. "அவர் போய் இப்படிப் பண்ணுவாரோ. சரி, யார் தப்பா வேணா இருக்கட்டும். நான் சம்பந்தியாத்துக்கு என்ன பதில் சொல்றது? நாளைக்குக் காலம்பறக்குள்ள சரியானது வருமா, வராதா?"

தரணி மேஜைமேல் கிடந்த தப்பு வில்லையை எடுத்தாள். திரும்பின பெருமாள். மேடான கோடு. பார்த்துக்கொண்டே இருந்தாள். இது வில்லையே இல்லை. இது அச்சு. இதைப் பச்சைக் க்ளேயில் வைத்து அழுத்தினால் கோடு பள்ளமாக விழும், சக்கரம் தானாக வலக்கைக்கு வந்துவிடும். நாகவேணி பாதி வேலையை முழு வேலை என்று நினைத்துச் சுட்டுவிட்டாள், அவ்வளவுதான். மீதிப் பாதி பாக்கி இருந்தது.

"வரும் மாமி" என்று போனை வைத்தாள். "அண்ணி, க்ளே எவ்ளோ கீது?"

நாகவேணி அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். கேட்க வேண்டியிருக்கவில்லை, புரிந்துகொண்டாள். "இருக்குது. பத்தலன்னா கடைக்குப் போய்ட்டு வரேன்."

"நீங்க அழுத்தறதுல உங்க பேரு. நான் அழுத்தறதுல எம் பேரு. ஆனா பெருமாள் என்னுது அண்ணி. அடுத்த தபா என்னைக் கேட்டுட்டு எடுங்க."

"கேக்கறேன்."

"நைனா, அந்த சீலைக் குடு."

சம்பத் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். தரணி மேஜைமேல் இருந்த பிளேடை எடுத்து, கிளியையும் தன் பேரையும் குறுக்கே அறுத்தாள். ரெண்டாகப் பிரிந்த பிறகுதான் பிளேடைக் கீழே வைத்தாள்.

நாகவேணி மாமனாரின் எதிரில் வந்து நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினது இல்லை.

"மாமா, எம் பேருல ஒரு சீல் வேணும். லெட்டர் எழுதிக் குடுக்கட்டுமா?"

சம்பத் எழுந்து போய் மிஷின் முன்னால் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினார். அவருடைய போன் மேஜையிலேயே கிடந்தது. அப்போதுதான் அது அடித்தது.

'மணிவேல்' என்று திரையில் வந்தது. காலையிலேயே ஏதோ வேலை என்று நாகலாபுரம் போயிருப்பதாகச் சொன்னாள் நாகவேணி. சம்பத் பதறி எழுந்து கையை நீட்டுவதற்குள் தரணி எடுத்துவிட்டாள்.

"நைனா, வேலை முடிஞ்சுது" என்றான் மணிவேல், உற்சாகமாக. "நீ குடுத்தனுப்பின தரணி சீலு பளிச்சுனு விழுந்துச்சு. ஆபீஸ்ல, அவளே நேர்ல வந்து கையெழுத்து போடணும்னாங்க. என் தங்கச்சிதான், நான் பாத்துக்கறேன்னு சொல்லி நானே போட்டுக் குடுத்துட்டேன். அவளுக்கு மட்டும் இப்ப தெரிய வேணாம், இன்னா?"

தரணி மேஜைமேல் அறுந்து கிடந்த ரப்பரைப் பார்த்தாள். இது போக இன்னொன்றும் அவள் பேரில் வெட்டியிருக்கிறார். பிறகு நைனாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சிதாண்ணா பேசறேன்" என்றாள். "சொல்லு. எம் பேர எதுல போட்ட?"